பருந்து வளர்த்த கோழிகள்

சொந்தக் கோழியைப் பிடிக்க முடியாத மனிதர் சேலம் ஜில்லாவில் ஒருவர்தான். அவர் பருந்து வாத்தியார். பிராணி சாஸ்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவர். கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் பக்கத்து வீடு.

மலையடிவாரமாதலால் அங்கே பருந்து அதிகம். நாங்களெல்லாம் குஞ்சுகளைக் கூடை போட்டு மூடுவோம். வாத்தியார் மூட மாட்டார்.

“ஏனுங்க, பருந்து தூக்கிட்டுப் போகுதே?” என்றால், “போகட்டுமுங்க. வெள்ளையும் மந்தமும் போயிரும். மண்ணு நெறத்துல சூட்டிகையா இருக்கறது தப்பிச்சு முட்டையிடும். அதோட குஞ்சும் அப்படியே வரும். உலகத்துல எல்லா உசுரும் இப்படி மாறி வந்ததுதானுங்க. இந்த ஊட்டுல கோழி வளர்க்கறது நானில்லை, பருந்து” என்பார்.

வருஷங்கள் போயின. அவர் சொன்னபடியே நடந்தது. மிஞ்சிய கோழிகள் படுத்தால் மண்ணுக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. வாத்தியார் குடையை விரித்தாலே பருந்தின் நிழலென்று புளியமரத்து உச்சிக்குப் போய்விடும். அவர் மருமகன் முதல் விருந்துக்கு வந்த அன்று மாமனாரும் மருமகனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலை முழுக்க ஓடினார்கள். கடைசியில் கத்தரிக்காய்க் குழம்புதான்.

“பருந்துக்கே சிக்காதது உங்களுக்கா சிக்கும்?” என்றார் அவர் மனைவி. வாத்தியாருக்கு மூச்சு வாங்கியது. முகத்தில் பெருமை.

யுத்த காலத்தில் என் சின்ன மகளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியும் உட்காரத் தெம்பில்லை. கோழிச்சாறு கொடுக்காவிட்டால் தாங்க மாட்டாள் என்றார் டாக்டர். எங்கள் தெருக் கோழிகளோ கழிச்சல் நோயில் செத்திருந்தன. மிச்சம் வாத்தியாரின் புளியமரத்துக் கோழிகள்தான்.

போய் நின்றேன். மந்தமானது போகட்டும் என்று அவர் சொல்வது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

வாத்தியார் மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். சமையலறைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கொழுத்த வெள்ளைக் கோழி. ஒரு கால் நொண்டி.

“இது எப்படிங்க பருந்துகிட்டத் தப்பிச்சுது?”

“தப்பிக்கலைங்க. குஞ்சுலயே நான்தான் உள்ளே கொண்டாந்துட்டேன்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். “வெளியே சொல்லீராதீங்க. புள்ளைக்குச் சாறு வெச்சுக் குடுங்க.”

மகள் பிழைத்தாள். இன்றைக்கும் அவள் இருமினால் எழுந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். அவள் முற்றத்தில் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியதும் வாத்தியார் தினமும் வந்து, அவள் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

“வெயிலுக்குங்களா?” என்று கேட்டேன்.

அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.