பதினேழாவது பின்

ஓசூரில் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும் என்று நம்பாத ஒரே மனிதர் மீட்டர்தான். எரிகிற விளக்கைக் காட்டினாலும், கழுத்தில் தொங்கும் மல்டிமீட்டரால் அளந்து பார்த்த பிறகுதான் "ஆமாங்க, எரியுது" என்பார். அவருடைய சொந்தப் பெயரை நான் வருகைப் பதிவேட்டில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

தொழிற்பேட்டையில் நாங்கள் பதினோரு பேர் வேலை பார்த்த சிறு கம்பெனி. குளிர் அறைகளுக்கு கன்ட்ரோல் போர்டு செய்தோம். ஒரு போர்டுக்கு இருபத்து நான்கு பின், அதாவது ஒயர் இணைக்கும் முனை. ஒவ்வொன்றும் ஒரு கருவிக்குப் போகும். பின்னில் மின்னழுத்தம் வந்தால் சில கருவிகள் ஓடும். சில, அழுத்தம் இல்லாதபோதுதான் ஓடும். இந்த வம்பெல்லாம் டிரைவர் என்கிற புரோகிராமுக்குத் தெரியாது. அது "ஓடு", "நில்" என்று மட்டும் சொல்லும். அழுத்தம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0; எந்தப் பின்னுக்கு 1 என்றால் ஓட்டம், எதற்கு 0 என்றால் ஓட்டம் என்பதை ஒரு பட்டியல் சொல்லும். அதை எழுதுவது மீட்டர். சரிபார்த்து அச்சிடுவது நான். அதே பட்டியல்தான் போர்டுக்குள்ளும் ஏறும்.

கழிவறை வாசலில், உள்ளே ஆள் இருப்பதைக் காட்ட ஒரு பல்பு உண்டு. எலக்ட்ரீஷியன் அதை மாற்றி இணைத்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் ஒயரை மாற்றியிருப்பார்கள். மீட்டர் ஒரு தாள் ஒட்டினார்: "பல்பு அணைந்திருந்தால் உள்ளே ஆள் உண்டு. மூன்று முறை சோதிக்கப்பட்டது." மின்சாரம் போன ஒரு நாள் ஏழு பேர் வரிசையில் நின்றோம். உள்ளே யாருமே இல்லை.

"என்னய்யா இது?" என்றேன்.

"கரன்ட்டு இல்லாத நேரத்துக்கு நான் எழுதவே இல்லீங்களே சார்!" என்று பேனாவை எடுத்தார்.

கெலவரப்பள்ளிப் பக்கம் ரோஜா வளர்க்கும் நாகப்பாவின் குளிர் அறைக்கான பட்டியல் என்னிடம் வந்தபோது, மீட்டர் பர்கூரில் மச்சான் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தார். நான்கு நாள் லீவு. எண்ணினேன். இருபத்து மூன்று பின்களுக்கு 1. பதினேழாவதற்கு மட்டும் 0. ஒற்றையாக நிற்பது எதுவானாலும் எனக்கு உறுத்தும். தட்டச்சுப் பிழை என்று முடிவுகட்டி 1 ஆக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை.

பதினேழு, அறைக்குள் குளிர்காற்றைத் தள்ளும் மின்விசிறி. டிரைவர் எழுதும் மெர்சி சோதித்தபோது "ஓடு" என்றால் விசிறி நின்றது. அவள், ஓட வேண்டிய நேரத்தில் "நில்" என்று சொல்லும்படி டிரைவரைத் திருப்பி எழுதினாள். விசிறி சுற்றியது. அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

லீவு முடிந்து வந்த மீட்டர் பட்டியலில் 1 இருப்பதைக் கண்டு மறுபடி 0 ஆக்கினார். போர்டை ஒப்படைக்க மூவரும் பண்ணைக்குப் போனோம். அங்கே அந்தப் பட்டியலை ஏற்றினார். அவரும் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று பேர், மூன்று திருத்தம். விசிறி நின்றது.

உள்ளே நாற்பது பெட்டி ரோஜா. மாலை விமானத்துக்குப் போக வேண்டியவை. சூடு ஏறினால் மொட்டு விரியும். விரிந்த பூவை வாங்க ஆள் இல்லை. ஆறு டிகிரி, எட்டானது.

"ஏன் சாரு, உங்க பேப்பர்ல ஃபேன் ஓடுதே!" என்றார் நாகப்பா. "என் ரோஜாவுக்குப் பேப்பர் படிக்க வராதுங்க!"

மீட்டர் பின்னில் அளந்தார். "அழுத்தம் வருது, அதான் நிக்குது. மெர்சி, உன் டிரைவரு என்னம்மா சொல்லுது?"

"நில்லுன்னு சொல்லுதுண்ணா. பட்டியல் தப்பா இருந்துச்சு, நான்தான் திருப்பிட்டேன்."

"பட்டியல் எப்படித் தப்பாச்சு?"

ஒன்பது டிகிரி. நான் கையில் இருந்த பட்டியல் தாளை மடித்தேன். மீட்டர் என் முகத்தைப் பார்த்தார். அளக்கவே இல்லை.

"சரி வுடு. நீ திருப்பினத எடுத்துரு."

மெர்சி எடுத்தாள். விசிறி சுற்றியது. ஒன்பது, எட்டு, ஏழு. ஆறு வரும்வரை நான் கதவை விட்டு நகரவில்லை. நாகப்பா ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தார். மொட்டுகள் மூடியே இருந்தன.

"யாருங்க பண்ண வேலை இது?" என்றார்.

"அந்தப் பின்னு பண்ணதுங்க," என்றார் மீட்டர். "இருபத்து மூணு பேருக்கு நடுவுல ஒத்தையா நிக்குது பாருங்க, பயந்துருச்சு."

பிறகு என் கையில் இருந்த தாளை வாங்கிப் பதினேழாவது வரிக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதினார்: "0 என்றால் ஓடும். பிழை அல்ல. சாரும் நானும் சேர்ந்து பார்த்தோம்."

இப்போது மீட்டர் வேலையை விட்டுப் பர்கூரிலேயே இருக்கிறார். அந்தத் தாள் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. இருபத்து நான்கு வரிகளில் இருபத்து மூன்றை நான் படிப்பதில்லை.