ஊர்க்காரர் யார் என்று சொல்லும் சரிபுதீன்

யார் ஊர்க்காரர், யார் வந்தவர் என்று ஆளைக் கண்டதுமே பிரித்துச் சொல்லிவிடும் மனித இனம் ஒன்று உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கிராம சேவகர் கந்தோருக்குள் கால் வைக்க முதலே பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருப்பார். அழைத்தது யார்? ஒருவருமில்லை.

மறிச்சுக்கட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் அந்தக் கதிரை சரிபுதீனுடையது. யுத்தம் முடிந்து, இருபது வருடத்துக்கு முன் ஊரைவிட்டு விரட்டப்பட்ட சனம் புத்தளத்து முகாம்களிலிருந்து திரும்பி, பற்றை வெட்டிக் கொட்டில் போட்டுக்கொண்டிருந்த காலம். காணியும் வீடும் ஊர்க்காரருக்கு மட்டுமே என்றார்கள் அதிகாரிகள். அப்படியானால் ஊர்க்காரர் யார் என்று ஒருவர் சொல்ல வேண்டாமா? சரிபுதீன் சொன்னார். சளைக்காமல் சொன்னார். ஒருவரின் வாப்பா சிலாவத்துறையிலிருந்து பெண்ணெடுக்க வந்து தங்கியவர், ஆகவே அவர் சிலாவத்துறைக்காரர். இன்னொருவர் மீன் படும் காலத்துக்கு மட்டும் கரையில் வாடிக் குடிசை போட்டவர். மூன்றாமவரில் ஒரு குறையுமில்லை, ஆனால் பள்ளிவாசல் கூட்டத்தில் சரிபுதீனுக்கு எதிராகக் கையுயர்த்தியவர், அதனால் அவருடைய பூர்வீகத்தை ஆற அமர ஆராய வேண்டியிருந்தது.

கைம்பெண் சரீபா பிள்ளைகளோடு வந்தபோதும் அவர் யோசிக்கவில்லை. அவளுடைய உம்மா இந்த ஊர்தான். அவள் பிறந்ததோ முகாமில்.

"நீ புத்தளத்துப் புள்ள. நாங்க என்ன செய்யிற?" என்றார்.

"முகாமில பொறந்தது என்ட விருப்பத்திலயா மாமா?" என்று கேட்டுவிட்டு அவள் பஸ் ஏறினாள். சரிபுதீனுக்கு அன்று நல்ல பசி. இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

கழித்தது போக மிஞ்சிய குடும்பங்கள் எத்தனை என்று அதிகாரிகள் பார்த்தபோதுதான் வில்லங்கம் வந்தது. இவ்வளவு சொற்பச் சனத்துக்குத் தனிக் கிராம சேவகர் பிரிவும் கிடையாது, பள்ளிக்கூடமும் கிடையாது, பக்கத்து ஊரோடு சேர்க்கப் போகிறோம் என்றார்கள். பக்கத்து ஊருக்கும் ஒரு சரிபுதீன் உண்டு, பெயர் அலியார். சேதி கேட்டு அவர் அன்றைக்கே வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மூத்த அண்ணனிடம் கேட்பதுபோல மிகுந்த மரியாதையோடு விசாரித்தார்.

"காக்கா, உங்கட மூத்தவாப்பா எந்த ஊர்?"

சரிபுதீனுடைய மூத்தவாப்பா, அவருடைய வாப்பாவைப் பெற்றவர், எருக்கலம்பிட்டியிலிருந்து வந்தவர்.

அடுத்த நாளே அவர் புத்தளத்தில் நின்றார். முகாம் ஒழுங்கைகளில் சந்து சந்தாக, வீடு வீடாக ஏறி, தாம் கழித்தவர்களையெல்லாம் மச்சான், மருமகன் என்று முறை சொல்லி அழைத்தார். சரீபாவின் வாசலில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அவள் தேத்தண்ணி கொடுத்தாள். அவர் குடித்து முடித்தார்.

"வாறன் மாமா," என்றாள் பிறகு. "என்ட உம்மாட மண் எண்டதால வாறன். நீங்க சொன்னதால இல்ல."

அவள் வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். ஊர் தனி ஊராகவே நின்றது, பள்ளிக்கூடமும் திறந்தது. சரிபுதீன் சில மாதம் யாரையும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. கேட்காமலிருக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

பாவம் சரிபுதீன், நாங்கள் அப்படியா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் ஒழுங்கைக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பத்திடம் நேற்று நீங்கள் முதலில் கேட்டது என்ன, சாப்பிட்டீர்களா என்றா?