எதுத்தாப்ல அண்ணனின் வெப்சைட்

கம்ப்யூட்டர் திரையை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரோடு ஒரே கடையில் வேலை பார்த்தவன் என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு.

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டின் மேலேயே இருந்தது அந்த ஃபிளெக்ஸ் கடை. காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, போர்டு வைக்காமல் நடந்தால் அது நடந்ததாகவே கணக்கில்லை என்று மதுரை முடிவெடுத்திருந்த காலம் அது. நான் அங்கே தமிழ் டைப் அடிப்பவன். அவர் டிசைனர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பள நாளில் முதலாளி மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார். மற்ற எல்லோருக்கும் அவர் 'எதுத்தாப்ல' அண்ணன்.

போர்டு டிசைன் முடிந்ததும் மானிட்டரைத் தூக்கி ஸ்டூலில் வைத்து வாசல் பக்கம் திருப்புவார். பிறகு பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே புகுந்து ரோட்டைத் தாண்டி, எதிரே இருந்த சைக்கிள் கடை வாசலில் நின்றுகொண்டு பார்ப்பார். அந்தக் காலத்து மானிட்டர் ஆட்டுக்கல் கனம் கனக்கும். வெயிலில் திரை தெரியாது என்பதால் நான் ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் மவுஸுமாக உட்கார்ந்திருப்பேன்.

"போர்டைப் பாக்குறவன் எங்கன நிப்பான்? எதுத்தாப்லதான நிப்பான்? அப்ப செய்றவனும் அங்கனதான் நிக்கணும்" என்பது அவருடைய சித்தாந்தம்.

"போர்டு பத்தடிண்ணே. இது ஒரு முழம்தானே இருக்கு?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"முழத்துல தெரிஞ்சா பத்தடியில தெரியாதா மாப்ள?" என்று மடக்கிவிட்டார்.

லாரிச் சத்தத்தில் அவர் கத்துவது இந்தப் பக்கம் கேட்காது. அதனால் எங்களுக்குள் கை பாஷை உருவானது. ஒரு கையை உயர்த்தினால் பெரிதாக்கு. இரண்டு கையையும் சேர்த்துப் பிசைந்தால் சின்னதாக்கு. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் நான் ஏதோ எழுத்துப்பிழை விட்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

அலங்காநல்லூரிலிருந்து ஒருவர் ஜல்லிக்கட்டுக் காளைக்கு வாழ்த்து போர்டு கேட்டு வந்தார். நடுவில் காளை, அதைச் சுற்றிப் பங்காளிகளின் தலைகள், ஒரு ஓரத்தில் மச்சினன். எதுத்தாப்ல அண்ணன் அவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். திரும்பி வரும்போது அந்த மனிதருக்கு முகமெல்லாம் வியர்வை.

"உங்க மச்சினன் மூஞ்சி அங்க இருந்து பாத்தா காளை வயித்துல ஒட்டின மாதிரி இருக்குண்ணே. மாத்திருவோம்."

"அது அப்படியே இருக்கட்டும். மொதல்ல என்னைய இந்த ரோட்டைத் தாண்ட வச்சதுக்கு உங்களை ஏசணும்" என்றார் அவர்.

இந்தப் பழக்கம் போர்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சோழவந்தானுக்குப் பெண் பார்க்கப் போனார். பெண் காபி கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் ஒரு பார்வை பார்த்தார், எழுந்தார், செருப்பை மாட்டினார், தெருவைத் தாண்டி எதிர்வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பெண்ணின் அப்பா வாசலுக்கு ஓடி வந்து, "பிடிக்கலேன்னா சொல்லிட்டுப் போக வேண்டியதுதானய்யா!" என்று கத்தினார். "பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்கு!" என்று இவர் தெருவுக்கே கேட்கும்படி பதில் கொடுத்தார். எதிர்வீட்டிலும் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்திருக்கிறாள். இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து அவரை பஸ் ஏற்றி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு வந்த வரன்களெல்லாம் விசாரிக்கும்போதே திரும்பிப் போயின. அண்ணன் அதைப் பற்றிப் பேசமாட்டார். ஆனால் கல்யாண போர்டு செய்யும் நாட்களில் மட்டும் வழக்கத்தைவிட அதிக நேரம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பார். பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

கடைசியில் ஆனையூரில் இருந்த அவருடைய சித்தி ஒரு வரன் கொண்டுவந்தார். பெண்ணின் பெயர் கல்பனா. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அந்தப் பெண் சித்தியிடம் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறாள்: "டிசைனர்னு சொல்றீங்க. அவர் செஞ்சதெல்லாம் நெட்ல இருந்தா அட்ரஸ் குடுக்கச் சொல்லுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

சித்தி கடைக்கே வந்துவிட்டார். "ஆடி பொறந்துட்டா யாரும் பேச்சே எடுக்க மாட்டாக. அதுக்குள்ள அந்த எழவை நெட்ல போட்டுத் தொலை. இதுவும் போச்சுன்னா இனிமே நான் எந்த வீட்டு வாசப்படியும் ஏற மாட்டேன்."

அப்போது ஆனி பாதி முடிந்திருந்தது. வெப்சைட் செய்யும் வகுப்புக்கு நான் கொஞ்ச நாள் போயிருந்ததால் வேலை என் தலையில் விழுந்தது. அவருடைய நல்ல போர்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டோம். எந்த லே-அவுட்டில் வைப்பது என்பதில்தான் சிக்கியது.

முதலில் படங்கள் தானாக நகர்ந்து நகர்ந்து மாறுகிற மாதிரி செய்தேன். அண்ணன் ரோட்டைத் தாண்டினார், பார்த்தார், திரும்பி வந்தார். "ஒரு லாரி போறதுக்குள்ள படம் மாறிப்போச்சு மாப்ள. போர்டு நிக்கணும். பாக்குறவன்தான் போகணும்."

அடுத்து எல்லாப் படங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, கீழே இழுத்துப் பார்க்கும்படி வைத்தேன். மறுபடி தாண்டல், மறுபடி திரும்பல். "பாதி போர்டை மண்ணுக்குள்ள பொதைச்சு வச்சா எவன்டா தோண்டிப் பாப்பான்?"

மூன்றாவதாக, சின்னச் சின்னக் கட்டங்களாக எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்கினேன். இதற்குள் விஷயம் வெளியே தெரிந்து, வாடிக்கையாளர்கள் வந்து நிற்க ஆரம்பித்திருந்தார்கள். தன் மகள் சடங்கு போர்டு காளை போர்டுக்குக் கீழே இருப்பதா என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். அண்ணன் யாரையும் கண்டுகொள்ளாமல் சைக்கிள் கடை வாசலில் நின்று கையை உயர்த்தினார். பெரிதாக்கச் சொல்கிறார் என்று நான் பெரிதாக்கினேன். போதாது என்று கையை இன்னும் உயர்த்தினார். திண்டுக்கல் பஸ் ஒன்று சர்ரென்று அவர் முன்னால் நின்றது.

"எங்கண்ணே, சமயநல்லூரா? ஏறுங்க!" என்றார் கண்டக்டர்.

"ஏறலண்ணே. அந்தா, எதுத்த கடையில டிவி மாதிரி ஒண்ணு இருக்குல்ல, அதுல என்ன தெரியுது?"

கண்டக்டர் திட்டியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் வலது பக்க சன்னலோரத்தில் இருந்தவர்கள் பார்த்து இடது பக்கத்தவர்களுக்குச் சொல்ல, அவர்கள் அண்ணனுக்குச் சொல்ல, பஸ்ஸே பஞ்சாயத்தாகிவிட்டது. "என்னமோ பொட்டு பொட்டா தெரியுதுய்யா!" என்றார் ஒருவர். "ஏதாவது ஒண்ணைப் பெருசா வைங்கப்பா!" என்று கூடைக்கார அம்மா ஒருவர் தீர்ப்பு சொன்னார். கண்டக்டர் விசில் ஊதினார்.

அப்படித்தான் அந்த லே-அவுட் முடிவானது. ஒரு பக்கத்துக்கு ஒரு போர்டு. பெரிதாக, அசையாமல். கீழே 'அடுத்தது' என்று ஒரு பொத்தான், அவ்வளவுதான். அன்று மாலையே நெட்டில் ஏற்றினோம்.

இரண்டு மூன்று நாள் கழித்து சித்தி போன் செய்தார். "பாத்துட்டாளாம். நல்லாயிருக்குங்கிறா. ஆனா ஊரு மூஞ்சியெல்லாம் இம்புட்டு இருக்கே, இதுல அவரு எங்கன்னு கேக்குறா."

அண்ணன் ரிசீவரை வைத்தார். மதுரையில் பாதிப் பேருடைய முகத்தை ஒட்டியவரிடம் சொந்தமாக ஒரு போட்டோ கிடையாது. "போர்டு வைக்கிறவனுக்குத்தான் மாப்ள மூஞ்சி வேணும்" என்று முனகினார். கடைசியில் வோட்டர் அட்டையிலிருந்து எடுத்தோம். அதில் அவரே அவர் மாதிரி இல்லை. அதையும் பக்கத்தின் மூலையில் தபால்தலை அளவுக்கு வைக்கச் சொல்லிவிட்டு, வழக்கம்போல் ரோட்டைத் தாண்டிப் போய் நின்றார்.

அந்த நேரத்தில்தான் கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஒரு பெரியவரும் அவர் மகளும் இறங்கினார்கள். ஆனையூர் சித்தி வீட்டுக்கு வந்தவர்கள், போகிற வழியில் கடையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்களாம்.

"டிசைனர் இருக்காரா?" என்றாள் கல்பனா.

சோழவந்தான் கதை கண்முன் ஓடியது. குடையைப் பிடித்திருந்த கையாலேயே எதிர்ப்பக்கத்தைக் காட்டினேன். அவள் அங்கே பார்த்தாள். திரையின் மூலையில் இருந்த தபால்தலைப் படத்தைப் பார்த்தாள். பிறகு துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு லாரியை விட்டு, ஒரு மினி பஸ்ஸை விட்டு, ரோட்டைத் தாண்டி அவர் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள்.

யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்த அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாராம். இது அவர் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். "முகம் ரொம்பச் சின்னதா இருக்கே" என்றிருக்கிறாள். அவர் அரை மனதாகக் கையை உயர்த்தினார். நான் பெரிதாக்கினேன். அவளுக்குப் போதவில்லை. அவளே கையை நன்றாக உயர்த்தினாள்.

சர்ரென்று திண்டுக்கல் பஸ் நின்றது. அதே கண்டக்டர். அவர்கள் இரண்டு பேரையும் பஸ் மறைத்துவிட்டது. கண்டக்டரின் குரல் மட்டும் இந்தப் பக்கம் வரை கேட்டது:

"ஏண்ணே, இப்ப ஜோடியா வேற ஆரம்பிச்சுட்டீங்களா?"

"தம்பி, அங்க என்ன நடக்குது?" என்று பெண்ணின் அப்பா கவலையோடு கேட்டார்.

"லே-அவுட் பாக்குறாங்க சார்" என்றேன்.

பஸ் நகர்ந்தபோது பார்த்தால், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்து முதல் முறையாக அண்ணன் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் குடையை மடக்கினேன்.

ஆடி போய் ஆவணியில் கல்யாணம். மண்டப வாசலில் வைத்த போர்டு நான் செய்தது. அவர் முகத்தை யானைத் தலை அளவுக்கு வைத்தேன். மாலையும் கழுத்துமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் ரோட்டைத் தாண்டிப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

பிறகு அவர்கள் சென்னைக்குப் போய்விட்டார்கள். ஃபிளெக்ஸ் கடையும் இல்லை. திண்டுக்கல் ரோட்டின் நடுவே தடுப்புச்சுவர் வந்துவிட்டது. இப்போது அவரே வந்தாலும் நினைத்த இடத்தில் தாண்ட முடியாது. நான் எதை எழுதி முடித்தாலும் பக்கத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அறையின் அந்தக் கோடிக்குப் போய் நின்று ஒருமுறை பார்க்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். இதோ, இந்தப் பக்கத்தையும் சாய்த்து வைத்திருக்கிறேன்.

அண்ணே, அங்க இருந்து தெரியுதா?