நாலு கிலோ அருள்

வெள்ளிக்கிழமை காலையில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனால் இரண்டு வரிசைகளைப் பார்க்கலாம். ஒன்று நோயாளிகளுடையது, மற்றது ஊழியர்களுடையது. ஊழியர்களின் வரிசைதான் நீளம். உத்திரமேரூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், அவர்கள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள்.

வரிசையின் முடிவில் கயிற்றுச் சாமியார் உட்கார்ந்திருப்பார். அவர் மந்திரித்த கறுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டால் வாரம் ஒரு கிலோ கரையும். வடையை விட வேண்டாம், பீடியை விட வேண்டாம், நடக்கவும் வேண்டாம். கயிறு பதினோரு ரூபாய்தான். ஆனால் வாராவாரம் புதுக் கயிறு. அருள் ஏழு நாளில் காலாவதியாகிவிடும்.

இதற்கு முன் டாக்டர் மேரி ஒரு யோசனை சொல்லியிருந்தார். பீடியைக் குறைப்போம், காலையில் ஏரிக்கரையில் நடப்போம், நம்மைப் பார்த்தாவது நோயாளிகள் திருந்தட்டும் என்றார். முதல் நாள் ஒன்பது பேர் வந்தார்கள். இரண்டாம் நாள் டாக்டர் தனியாக நடந்தார்.

கயிறு அப்படியா? நர்ஸ் ராணியம்மாள் எழுபத்தெட்டு கிலோவிலிருந்து எழுபத்து நாலுக்கு வந்துவிட்டார். காம்பவுண்டர் பஞ்சாட்சரத்துக்கு நாலு கிலோ குறைந்தது. ஒல்லிக்குச்சி வாட்ச்மேனுக்கும் அதே நாலு கிலோ. சாமியாரிடம் பாரபட்சமே கிடையாது.

டாக்டர் வாதாடினால் எல்லோரும் எடை மிஷினைக் காட்டினார்கள். ஆஸ்பத்திரியின் சொந்த மிஷின், பொய் சொல்லுமா? அதற்குச் சந்தனம், குங்குமம், வட்ட முகத்தின் மேல்பாதியை மறைக்கும் சாமந்தி மாலை. வாரம் தவறாமல் சாமியார் அதற்குக் கற்பூரம் காட்டி, முதுகைத் தடவிக் கொடுப்பார்.

ஐந்தாவது வெள்ளி, மாதம் ஒருமுறை வரும் கர்ப்பிணிகள் நாள். முதலில் ஏறியவள் பெருநகர் கிராமத்துக் கோவிந்தம்மாள். ஏழு மாதம். முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. போன மாதம் நாற்பத்தொன்பது கிலோ இருந்தவள் இன்று நாற்பத்தேழு. டாக்டரின் முகம் மாறியது. குழந்தை வளரவில்லை போலிருக்கிறது, இன்றே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட வேண்டும் என்றார்.

கோவிந்தம்மாளின் கை தானாக வயிற்றுக்குப் போனது. "இன்னா டாக்டரம்மா, ரவிக்கை இறுக்கிக்கினு கீது, புள்ள உதைச்சிக்கினே கீது. நான் எங்க எளச்சேன்? நான் எளச்சனா, உங்க மிஷினு எளச்சிதான்னு பாத்துடலாம்."

கணவன் வீராசாமியைக் கூப்பிட்டு, மாட்டுவண்டியிலிருந்த யூரியா மூட்டையைத் தூக்கிவரச் சொன்னாள். சற்றுமுன் கடையில் வாங்கியது. தையல்கூடப் பிரிக்கவில்லை. ஐம்பது கிலோ என்று மூட்டையிலேயே அச்சடித்திருந்தது.

சாமியார் தீட்டு என்றார். வீராசாமி காதில் வாங்காமல் மூட்டையை மிஷின்மேல் ஏற்றினான். முள் நாற்பத்தாறில் நின்றது. மூட்டையின் கையில் கயிறு இல்லை. கையே இல்லை.

சாமியார் தொண்டையைச் செருமினார். "நம்ம அருள் மிஷின் பூரா பரவிக் கீது. மூட்டை மேலயும் பாஞ்சிட்சு."

ராணியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்போ எம் புள்ள எடையத் துன்னதும் நீதானா, சாமி?" என்றாள் கோவிந்தம்மாள்.

சாமியார் கயிற்றுக் கட்டை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். டாக்டர் மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டு மாலையைக் கழற்றினார். மிஷின்மேல் யாருமில்லை. முள் பூஜ்யத்துக்கு நாலு கிலோ பின்னால் நின்றது. முதுகில் இருந்த திருகில் சந்தன விரல் அடையாளம், வாரத்துக்கு ஒன்றாக.

டாக்டர் திருகைச் சரிசெய்ததும் கோவிந்தம்மாள் மறுபடி ஏறினாள். ஐம்பத்தொன்று. செங்கல்பட்டு வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்து ராணியம்மாள் ஏறினார். எழுபத்தெட்டு. அசையாத எழுபத்தெட்டு. நழுவப் பார்த்த சாமியாரை வாட்ச்மேன் வாசலில் மடக்கினார்.

படித்தவர்கள் நிறைந்த ஆஸ்பத்திரியில் நாலு வாரம் ஓடிய மோசடியை ஒரு யூரியா மூட்டை ஒரே நிமிடத்தில் முடித்துவைத்தது. மூட்டைக்கு மூளை கிடையாது. நமக்கு இருக்கிறது. அதற்கும் அவ்வப்போது கொஞ்சம் வேலை கொடுப்போம்; தேய்ந்துவிடாது.