காட்டிக்கொடுக்காத வண்டி

அன்று எங்கள் கடையின் பின்முற்றத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாவது, என் மனைவி. இடுப்புச் சாவிக்கொத்தின் ஓசை அவளுக்கு முன்னால் வரும். இரண்டாவது, என் மகன்; நடந்தால் அவனுடைய காலணி கீச்சிடும். மூன்றாவது, மெக்கானிக், கிரீஸ் வாசனை முதலில், ஆள் பிறகு. நான்காவது, வண்டியை வாங்க வந்த நாற்றுப்பண்ணைக்காரர். தொண்டையைக் கனைக்காமல் ஒரு வாக்கியத்தையும் தொடங்காதவர். ஐந்தாவது, நான். என் பழைய பிக்கப் வண்டியையும் ஆறாவதாகச் சேர்க்கலாம். அன்று என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டது அது ஒன்றுதான். கடைசியில் அதுவும் கட்சி மாறியது.

முகங்களைச் சொல்லாமல் ஓசையையும் வாசனையையும் சொல்லி இவர்களை அறிமுகப்படுத்தக் காரணம் உண்டு. அதை வாசகர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் காதுக்குப் போகக்கூடாது என்றுதான் அன்றுவரை மறைத்துவந்தேன். எனக்குக் கண் தெரியவில்லை.

முழுவதும் அல்ல. ஓரங்கள் தெரியும், நடுவில் மட்டும் ஒரு கறை. யாரை நேராகப் பார்க்கிறேனோ அவருக்கு இரண்டு காதுகள் இருக்கும், முகம் இருக்காது. ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்பு யாருக்கும் சொல்லாமல் கண் மருத்துவரிடம் போனேன். "இது வயசோட வர்றது. கண்ணாடி போட்டாலும் உதவாது. இனிமே வண்டி ஓட்டாதீங்க" என்று சொல்லி ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். முப்பத்தொரு ஆண்டுகள் கண்ணாடி விற்றவனிடம் கண்ணாடி உதவாது என்று சொல்ல அவருக்குத்தான் எவ்வளவு துணிச்சல்! சீட்டை நான்காக மடித்து, வண்டியில் வெயிலை மறைக்கும் பலகைக்குப் பின்னால் செருகினேன். வீட்டில் என் மனைவி அறியாத இடம் ஒன்றுகூடக் கிடையாது. வண்டியில் ஒன்று இருப்பதாக நம்பினேன்.

எங்களுடையது ஜன்னல் கண்ணாடி வியாபாரம். பலகை பலகையாகக் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, இடையிடையே கம்பளித் துண்டு வைத்து, கட்டடம் கட்டுகிற இடங்களுக்குக் கொண்டுபோய் இறக்குவோம். கண்ணாடி ஏற்றிய வண்டியைக் கண்ணால் ஓட்டுவதில்லை, காதால் ஓட்டுவது. பின்னால் பலகைகள் முணுமுணுத்தால் வேகம் அதிகம். பல்லைக் கடித்தால் திருப்பம் தவறு. மௌனமாக இருந்தால் எல்லாம் சரி. மனைவியோடு வாழ்ந்தவனுக்கு இந்த மொழி புரிய அதிக நாள் ஆகாது; என்ன, அங்கே மௌனத்துக்குப் பொருள் வேறு.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதவைச் சாத்தினால் சாத்தியது தெருவுக்கே தெரியும். ஜன்னலைக் கையால் சுழற்றித்தான் இறக்க வேண்டும். முன்புறம் ஒரே நீள இருக்கை; மூன்று பேர் தோளோடு தோள் உரசி உட்காரலாம், சண்டை போட்டவர்கள்கூட. மூடியைத் தூக்கினால் எஞ்சினுக்கு இடையே தரை தெரியும்; கீழே விழுந்த திருகாணியைக் குனிந்து எடுத்துக்கொள்ளலாம். சரக்கு வைக்கும் தளம் என் இடுப்பு உயரம். தெருவில் நின்றபடியே கையை நீட்டினால் அடியில் கிடக்கும் கயிறு அகப்படும்.

சென்ற ஆண்டு என் மகன் ஒரு புது பிக்கப் வாங்கினான். அதன் தளத்தை எட்ட ஏணி வேண்டும். சரக்கு வைக்கும் இடம் சிறுத்து, ஆள் உட்காரும் இடம் பெருத்துவிட்டது. சாவி எதிலும் நுழைவதில்லை. சட்டைப் பையில் சும்மா இருந்துகொண்டே சம்பளம் வாங்குகிறது. மூடியைத் திறந்தால் உள்ளே இன்னொரு மூடி. இவ்வளவையும் மன்னித்திருப்பேன். ஆனால் அது வாயைத் திறந்து பேசியது.

ஒரே ஒரு நாள் அதை ஓட்டினேன். கடையிலிருந்து தெருமுனைக்குப் போவதற்குள் பதினான்கு முறை கூவியது. இடது கோட்டைத் தாண்டினேனாம். முன்னால் ஆள் நிற்கிறாராம். பின்னால் தூண் இருக்கிறதாம். பக்கத்தில் இருந்த மகன் கவலையோடு கேட்டான்.

"என்னப்பா, இப்படிக் கத்துது?"

"வண்டிக்கு வாய் ஜாஸ்தி."

"சென்சார் ஏதோ கெட்டிருக்குப்பா."

"கெட்டெல்லாம் போகல. பிறவியே அப்படி. பொய் சொல்ற வண்டி."

பிள்ளை நம்பினான். சென்சாரைக் கழற்றிக்கொண்டு போனான், மாற்றிக்கொண்டு வந்தான். நான் பழைய வண்டிக்குத் திரும்பினேன். இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். பழையதன் பெருமையை ஊரெல்லாம் பேசினேனே, அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த வண்டி என்னைக் காட்டிக்கொடுக்காது என்பதுதான்.

அந்தக் காலத்திலேதான் என் மனைவி என்னோடு வண்டியில் வரத் தொடங்கினாள். முன்பெல்லாம் காலையில் கடைவரைக்கும்தான் வருவாள். திடீரென்று நான் சரக்கு இறக்கப் போகும்போதெல்லாம் கூடவே புறப்பட்டாள். வந்தவள் சும்மா வந்தாளா? வாய் ஓயவில்லை.

"ஏங்க, அந்தச் சைக்கிள்காரர் பாருங்க, நட்ட நடுவுல போறார்."

"பார்த்தேன், பார்த்தேன்."

"சிக்னல் சிவப்பு என்ன சிவப்பா இருக்கு பாருங்க."

"சிவப்பு சிவப்பாத்தான் இருக்கும். நிம்மதியா ஓட்ட விடேன்."

"வலது பக்கம் பள்ளம் தோண்டிப் போட்டிருக்காங்க. எந்தக் கடங்காரன் வேலையோ."

இப்படி ஓர் ஆண்டு. இவ்வளவு பேசுகிறவளைக் கட்டிக்கொண்டு எப்படித்தான் காலம் தள்ளினேன் என்று மெக்கானிக்கிடம் அலுத்துக்கொண்டேன். அவள் பேச்சின் நடுவே அகப்படும் செய்திகளை வைத்து ரகசியமாக வண்டி ஓட்டிக்கொண்டேன். என் சாமர்த்தியத்தை எண்ணி எனக்கே பெருமையாக இருந்தது.

சென்ற மாதம் பள்ளிக்கூடத் தெருவில் திரும்பியபோது, "ஏங்க, மூட்டை! மூட்டை!" என்று கத்தினாள். பிரேக்கை மிதித்தேன். பின்னால் பலகைகள் எல்லாம் ஒரே குரலில் முனகின.

"யாரு நடுரோட்டுல மூட்டையைப் போட்டது? அறிவு வேண்டாம்?"

"விழுந்துடுச்சு. எடுத்துட்டாங்க. போங்க."

அதற்குப் பிறகு வீடு வந்து சேரும்வரை "இடது", "வலது", "நில்லுங்க" தவிர அவள் வேறு எதுவும் பேசவில்லை. சந்தைப் பக்கமாகச் சுற்றி வர அரை மணி நேரம். வேறொருத்தனாக இருந்தால் யோசித்திருப்பான். நான் நிம்மதியாக ஓட்டினேன்.

மறுநாள் காலையில் அவள் சொன்னாள்: "பழைய வண்டியை வித்துடலாங்க."

மகன் ஆறு மாதமாக முற்றத்தில் இடமில்லை என்று இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் இதுவரை என் பக்கம். இப்போது இரண்டுக்கு ஒன்று. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது.

"சரி. விப்போம். ஆனா ஒரே ஒரு நிபந்தனை. வாங்க வர்றவர் மூணு தடவைக்குள்ள தானே ஸ்டார்ட் பண்ணணும். பண்ணினா வண்டி அவருக்கு. இல்லேன்னா இந்தப் பேச்சை இனிமே யாரும் எடுக்கக்கூடாது."

மகன் ஒப்புக்கொண்டான். அவனுக்கு என்ன தெரியும்? அந்த எஞ்சின் என் ஒருவன் கைக்கு மட்டும்தான் பிடிக்கும். பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக் குமிழைப் பாதி இழுக்க வேண்டும், முழுவதும் அல்ல. பெடலை இரண்டு முறை மிதித்துக் காலை எடுத்துவிட வேண்டும். பிறகு மனத்துக்குள் ஏழு எண்ண வேண்டும். ஆறில் திருப்பினால் இருமும். எட்டில் திருப்பினால் பெட்ரோல் நிறைந்து திணறும். மெக்கானிக்குக்கூட இந்தக் கணக்கைச் சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் என்னைத்தான் கூப்பிடுவார்.

ஒன்று போதாது என்று இரண்டாவது அரணும் கட்டினேன். விற்பனைக் கடிதத்தை நான் சொல்ல, என் மனைவி எழுதினாள். கையெழுத்து அழகாக இருக்கவேண்டும் என்று காரணம் சொன்னேன். அதில் ஒரு வரி: "விற்பவர் விரும்பும் நாளில் வந்து வண்டியை ஓட்டிப் பார்க்க அவருக்கு வாழ்நாள் உரிமை உண்டு." மூன்று முறை வாசித்துக் காட்டச் சொன்னேன், பிழை இருக்கக்கூடாதல்லவா? மூன்றாவது முறையில் காற்புள்ளியோடு மனப்பாடம் ஆகிவிட்டது.

அந்த நாளும் வந்தது. நாற்றுப்பண்ணைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்.

"தகரம் நல்ல கனம், ஐயா."

"இப்ப வர்ற வண்டியில இந்தத் தகரத்தைத் தேடுங்க பார்ப்போம்" என்றார் மெக்கானிக். "விரலால அழுத்தினா குழி விழுது. இது முட்டினா சுவர்தான் மன்னிப்புக் கேட்கணும். ஆனா ஒண்ணு, இந்த உலகத்துல எங்க முதலாளி ஒருத்தருக்குத்தான் இது மசியும்."

நான் அடக்கமாகச் சிரித்தேன்.

நாற்றுப்பண்ணைக்காரர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இருமியது. "ஒண்ணு" என்றேன். மறுபடியும் பெடலை மிதி மிதியென்று மிதித்துத் திருப்பினார். முற்றம் முழுவதும் பெட்ரோல் வாசனை. "ரெண்டு" என்றேன். என் குரலில் இரக்கம்கூடக் கலந்திருந்தது.

"பத்து நிமிஷம் ஆறட்டும் தம்பி" என்றாள் என் மனைவி. எல்லாரும் காத்திருந்தோம். பிறகு சாவிக்கொத்து வண்டியின் ஜன்னல் பக்கம் நகர்ந்தது.

"இப்ப சோக்கைப் பாதி இழுங்க. பாதிதான். ரெண்டு மிதி. காலை எடுத்துடுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. திருப்புங்க."

பிடித்துக்கொண்டது. என் வண்டி, முப்பத்தொரு ஆண்டு என்னோடு இருந்த வண்டி, முன்பின் தெரியாத ஒருவர் கையில் பூனைபோல் உறுமிக்கொண்டு நின்றது.

"உனக்கு யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? தினமும் காலையில உங்க உதட்டைப் பார்த்துக்கிட்டுத்தானே பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். ஏழு வரைக்கும் அசையும்."

மெக்கானிக் சிரித்ததை நான் மன்னிக்கவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். இன்னும் இரண்டாவது அரண் இருந்தது.

"எல்லாம் சரி. கடிதத்தைப் படிச்சுட்டுத்தான் சாவி. எல்லார் முன்னாலயும் நானே படிக்கிறேன்."

"இந்தாங்க" என்றாள். நான்காக மடித்த தாள் என் கைக்கு வந்தது.

பிரித்தேன். கையை அளவாக நீட்டிப் பிடித்தேன். "இதனால் சகலருக்கும் தெரிவிப்பது" என்று தொடங்கினேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். ஒரு சொல்லில் தயங்குவதுபோல் தயங்கித் தாளைச் சற்று அருகில் கொண்டுவந்தேன். அது என் சொந்தக் கற்பனை. வாழ்நாள் உரிமை என்ற இடத்தில் குரலை உயர்த்தி, கீழே தேதியையும் வாசித்து முடித்தேன்.

பக்கத்தில் ஒரு தொண்டை கனைத்தது.

"ஐயா... இதுல அப்படி ஒண்ணும் எழுதலையே. ஏதோ கண் ஆஸ்பத்திரி பேரு போட்டிருக்கு."

காலணி கீச்சிட்டது. தாள் என் கையிலிருந்து போயிற்று. மகன் குரல் வந்தது.

"சென்சாரை மூணு தடவை மாத்தினேனேப்பா."

மனைவியிடம் பாய்ந்தேன்.

"எப்ப எடுத்தே இதை?"

"போன வருஷம். வெயில் அடிக்குதேன்னு பலகையை இறக்கினேன். மடியில விழுந்துச்சு."

"அப்போ ஒரு வருஷமா..."

"சைக்கிள், சிக்னல், பள்ளம் எல்லாம் வேற எதுக்குச் சொன்னேன்? எனக்கு வாய் வலிக்காதா?"

"தனியா என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நாலு பேர் முன்னால..."

"மூணு தடவை பேச்செடுத்தேன். மூணு தடவையும் வேடிக்கையா ஏதாவது சொல்லி எழுந்து போயிட்டீங்க. இன்னைக்கு எழுந்து போக முடியாதபடி நீங்களே எல்லாரையும் நிறுத்தி வச்சுப் படிச்சீங்க."

எல்லாம் உண்மை. ஆனாலும் தோற்றவனுக்கு வாய் அடங்காது.

"சரி, தெரியலைன்னே வச்சுக்கோ. இந்த ஒரு வருஷத்துல ஒரு கண்ணாடி உடைஞ்சுதா? ஒரு கீறல்? நீ சொல்ல நான் ஓட்ட, நல்லாத்தானே போய்க்கிட்டிருந்தது? திடீர்னு இப்ப என்ன வந்துச்சு?"

சாவிக்கொத்து அசையவில்லை. அவள் என் அருகில்தான் நின்றிருந்தாள். நேராகப் பார்த்தேன், முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறை இருந்தது.

"பள்ளிக்கூடத் தெருவுல மூட்டைன்னு சொன்னேனே" என்றாள், மெதுவாக. "அது மூட்டை இல்லைங்க. ஒரு சின்னப் பொண்ணு. கீழ விழுந்த பையை எடுக்கக் குனிஞ்சிருந்தா. நம்ம வண்டிக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு கை அகலம்தான் இருந்துச்சு. அவ நிமிர்ந்து என்னைப் பார்த்தா. அன்னையிலிருந்து எனக்குத் தூக்கம் இல்ல. உங்களை அப்பவே சொல்லி நிறுத்தியிருக்கணும். ஓட்டட்டும், ஆசையா இருக்காரேன்னு ஒரு வருஷம் விட்டேன். தப்பு என்மேலயும் இருக்கு."

மெக்கானிக் எங்கே நின்றார் என்றே தெரியவில்லை. வாசனை மட்டும் இருந்தது. கண்ணாடிப் பலகைகள் ஒருமுறை முனகியது நினைவுக்கு வந்தது. அன்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. நான்தான், ஒரு பலகையும் உடையவில்லையே என்று சந்தோஷப்பட்டேன்.

நாற்றுப்பண்ணைக்காரரிடமிருந்து சாவியை வாங்கினேன். அதன் பல்வரிசையை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தேன். மறுபடி நீட்டினேன். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. யாருடைய கை என்று கேட்கவில்லை.

பிறகு வாயிலை நோக்கி நடந்தேன். அந்த முற்றம் எனக்கு அத்துப்படி. கண்ணை மூடிக்கொண்டே நடப்பேன். தலையை நிமிர்த்திக்கொண்டு, யாருடைய உதவியும் வேண்டாதவன் எப்படி நடப்பானோ அப்படி நடந்தேன்.

"ஏங்க" என்றாள் பின்னாலிருந்து. "இடது பக்கம் வாளி இருக்கு."

வலது பக்கமாக ஒதுங்கி வெளியே போனேன். அங்கே வாளி இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.