என் படகுக் கயிற்றின் மேல் பழி போட்ட மைத்துனருக்கு

தோணிரேவு,
ஞாயிற்றுக்கிழமை காலை.

மதிப்புக்குரிய மைத்துனர், தாவரவியல் ஆசிரியர் தெய்வசிகாமணி அவர்களுக்கு உங்கள் அக்காள் கணவன் வேதாசலம் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகமாக இல்லை. அங்கே நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். என் பெண்சாதி கையால் மூன்று வேளையும் சாப்பிடுகிறவருக்கு என்ன குறை? பதினோரு முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

திருவிழாவுக்கு வந்தீர்கள், சந்தோஷம். நண்டுக் குழம்பு சாப்பிட்டீர்கள், அதுவும் சந்தோஷம். ஏரிக்கரை மாமரத்துப் பழம் மூன்று தின்றீர்கள். தின்றவர் வாயைத் துடைத்துக்கொண்டு போக வேண்டியதுதானே? ஆறு வருஷமாக என் படகை அந்த மரத்தில்தான் கட்டுகிறேன். மரத்தைச் சுற்றின கயிறு சுற்றினபடியே கிடக்கும், படகு முனையைத்தான் அவிழ்ப்பேன். என் முடிச்சு எந்தக் காற்றுக்கும் அவிழாது என்று ஊருக்கே தெரியும். பல் கூசப் புளித்த மரம் இந்த வருஷம் சர்க்கரையாகக் காய்த்தது. இறால் கழுவின தண்ணீரை ஊற்றினேன், அதனால்தான் என்று நானும் நாலு பேரிடம் சொன்னேன், நாலு பேர் நாற்பது பேருக்குச் சொன்னார்கள், எல்லாரும் அதையே ஊற்றி இப்போது ஊரில் எந்த முருங்கைக்குப் பக்கத்திலும் நின்று மூச்சு விட முடியவில்லை, அது வேறு கதை. அப்படி மரியாதையோடு இருந்த மனுஷனைப் பக்கத்துப் படகுச் சகாதேவன் முன்னால், அவன் பெண்சாதி கீதா முன்னால், உன் அக்கா முன்னால் நிற்கவைத்து, கயிற்றுக்கு மேலே மரம் புடைத்திருந்த இடத்தைத் தட்டிப் பார்த்து என்ன சொன்னாய்?

"மாமா, இலைதான் சமையக்கட்டு. அங்க செஞ்ச சர்க்கரையை இலையோட பொடி நரம்புல லோடு ஏத்தும். ஏத்த ஏத்தத் தண்ணி உள்ள பூந்து தள்ளும். அந்தத் தள்ளுலதான் பட்டைக்கு உள்பக்கமா வேர் வரைக்கும் போவும். உன் கயிறு வழியை மறிச்சிடுச்சு. லோடு கீழ எறங்காம மேலயே தேங்கிடுச்சு, அதான் பழம் இனிக்குது. நீ துன்னது வேரோட சோறு மாமா."

நான் விட்டேனா? "அப்பறம் இலை மட்டும் எப்டிடா பச்சையா கீது, தண்ணி போவுதுல்ல?" என்று கேட்டேன். "தண்ணி உள்கட்டைல ஏறுது, அது வேற வழி மாமா. வேர் பட்டினில சாவுறப்போதான் இலைக்கே தெரியும்" என்றாய். பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டியதை ஏரிக்கரையில் சொன்னால் யாருக்கு நஷ்டம்? "இன்னா வேதாசலம், அந்த இறால் தண்ணி இன்னா ஆச்சு?" என்று சகாதேவன் பல்லைக் காட்டினான். இன்றுவரைக்கும் காட்டிக்கொண்டே திரிகிறான், பாவி.

உன் அக்கா காந்தா சிரிக்கவில்லை. கல்யாணமாகி வந்த வருஷம் அவள் போட்ட கொட்டை அது. இங்கே ஏரித் தண்ணீர் உப்பு என்று தெரியாதா உனக்கு? குழாயடியில் சண்டை போட்டுப் பிடித்த நல்ல தண்ணீரில் முதல் குடம் அதற்குத்தான், அப்புறம்தான் எனக்கு. "ஆறு வருசமா கழுத்தை நெரிச்சுட்டு, அது சோத்தை ஊருக்கெல்லாம் பங்கு போட்டியாய்யா? அவுத்துவுடு கயிறை!" என்றாள். அத்தனை பேர் பார்க்க நான் அவிழ்ப்பேனா? "உன் தம்பி மூளைதான் பட்டினி கெடக்குது" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், பையைத் தூக்கிக்கொண்டு உன் பின்னாலேயே பஸ் ஏறிவிட்டாள். நீயும் டிக்கெட் வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனாய், வெட்கமாக இல்லை?

பன்னிரண்டு நாள் ஆகிறது. மரத்தில் உச்சி இலையெல்லாம் மஞ்சளடித்துக் கொட்டுகிறது. எல்லாம் உன் வாய் முகூர்த்தம். நான் நன்றாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறேன். குழம்பு தீய்ந்தால் எனக்கென்ன, தின்ன மாட்டேனா? கயிற்றை அவிழ்க்க மாட்டேன். உன் வீட்டு வாசப்படியை இந்த ஜென்மத்தில் மிதிக்க மாட்டேன். உன் அக்காவை நீயே வைத்துக்கொள். இனிமே எனக்கு எவன் தயவும் தேவையில்லை!

உன் மகள் சுபஸ்ரீக்கு என் ஆசி. நன்றாகப் படித்துப் பெரிய உத்தியோகத்துக்குப் போகட்டும், தாவரவியல் மட்டும் வேண்டாம். உன் சம்சாரத்துக்கு என் விசாரிப்பு. உனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
கோபத்தோடு,
வேதாசலம்

பின்குறிப்பு: கயிற்றை முந்தாநாளே அறுத்துவிட்டேன். பட்டை அதை விழுங்கியிருந்தது, மீன் வெட்டுகிற கத்தியால் நோண்டி எடுக்க அரை நாள் ஆனது. உள்ளே மரத்தைச் சுற்றி வளையமாகக் காய்ந்து கறுத்திருக்கிறது. பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். படகு காற்றில் போய்விட்டது, அந்தச் சகாதேவன்தான் இழுத்துவந்தான். அதே மரத்துக் குச்சியைக் காயத்துக்கு மேலும் கீழும் பட்டைக்குள் சொருகி ஒட்டுப் போட்டால் லோடு இறங்க வழி உண்டு என்று கிளம்பும்போது நீ சொன்னாயாம், கீதா சொன்னாள். எந்த முனை மேலே என்று எனக்குத் தெரியவில்லை. நாலு குச்சி வெட்டி ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது, அதனால் கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு வந்து அரை மணி நேரமாக உன் வீட்டு கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறேன். மேலே எழுதியிருப்பதைக் காந்தாவிடம் காட்டாதே. கதவை மட்டும் அவளையே வந்து திறக்கச் சொல்.