சித்தப்பாவின் பெயரில் ஒரு மோட்டார் சைக்கிள்

கொட்டாஞ்சேனை,
திங்கட்கிழமை.

பெருமதிப்புக்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

இங்கே நானும், கொழும்பில் இருக்க விடுகிற என் பொலிஸ் பதிவும் நலம். பதுளையில் உங்கள் நலத்தை விசாரிக்க எனக்கு முகமில்லை. ஆனாலும் விசாரித்ததாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் பெண் பார்க்க நீங்கள் வர வேண்டாம். லீவு போட்டிருந்தால் மீளப்பெறுங்கள். வெள்ளவத்தைச் சம்பந்தம் குழம்பிவிட்டது. குழப்பியவள் நான்.

எங்கள் கம்பனிக்குப் புதிதாக ஒரு மோட்டார் சைக்கிள் இறக்குமதியாகி வந்தது. குறூசர் என்கிறார்கள். சீற் தாழ்வு, கைபிடி உயரம், கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு சாய்ந்திருந்து ஓட வேண்டும். வரும்போது அதற்கு ஒரு நம்பர்தான் இருந்தது. மூன்று மொழிக்காரர் வாயிலும் நுழைகிற பெயர் வேண்டும் என்று மனேஜர் எங்களைக் கூட்டி வைத்துக் கேட்டார். ஒருவர் வேங்கை என்றதும் மனேஜர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு அவர் தானே அதில் ஏறிக் காலை நீட்டிச் சாய்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ரெலிபோன் ஒப்பறேற்றர் ஹப்ஸாவிடம், "எங்கட ஆறுதல் சித்தப்பா இருக்கிற மாதிரியே இருக்கு" என்று சொன்னேன்.

வீட்டில் உங்களை அப்படித்தான் சொல்வோம். உங்களுக்குத் தெரியும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இதை எழுதும்போது அந்த நம்பிக்கையும் போய்விட்டது.

மனேஜர் காதில் அது விழுந்தது. அர்த்தம் கேட்டார். அவசரப்படாமல், மெதுவாக என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஊரில் ஷெல் விழுந்த அன்று நாங்கள் எல்லோரும் பங்கருக்குள் ஓடிய பிறகும் நீங்கள் பேப்பரை மடித்து வைத்து, கண்ணாடியைத் துடைத்து, "நீங்கள் போங்கோ, நான் ஆறுதலா வாறன்" என்று சொன்ன கதையைச் சிங்களத்தில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் சொன்னேன். எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எத்தனையோ புத்தகங்களில் எத்தனையோ காட்டிக்கொடுப்புகளை வாசித்திருக்கிறேன், சித்தப்பா. ஐந்து பேரின் சிரிப்புக்காக ஒருத்தி சொந்தச் சித்தப்பாவைக் காட்டிக்கொடுத்ததை எங்கும் வாசிக்கவில்லை. மனேஜர் "ஆறுதல், ஹரிம லஸ்ஸனாய்" என்றார். மிக அழகாம். பெயர் முடிவாயிற்று.

தமிழ் விளம்பரம் எழுதியதும் நான்தான். 'உங்கள் ஊருக்கும் ஆறுதல் வருகிறது. அவசரமில்லாத ஆண்களுக்கு.' நம் வீட்டில் ஆறுதல் என்றால் நிதானம். ஊரெல்லாம் அது செத்த வீட்டில் சொல்லும் சொல் என்பது எனக்கு உறைக்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் அதை மரண அறிவித்தல்களுக்கு நடுவில் போட்டுவிட்டார்கள். கொச்சிக்கடையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் அழகர் அண்ணன் மலர்வளையத்தோடு வந்து நின்று, "ஆறுதல்னு போட்டிருந்துச்சே தங்கச்சி, யாரு போயிட்டாங்க?" என்று கேட்டார். ஒருவரும் போகவில்லை என்றதும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வளையத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மோட்டார் சைக்கிளின் கைபிடியில் மாட்டிவிட்டுப் போனார்.

இதோடு போயிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன். பெண்ணின் தகப்பன் சண்முகலிங்கம் மாஸ்டர் மரண அறிவித்தல்களை ஒரு வரி விடாமல் வாசிப்பவராம். செத்தது யார் என்று விளங்காமல் விளம்பரத்தில் இருந்த நம்பருக்கு எடுத்திருக்கிறார். ஹப்ஸா, பாவம், பெயர் வந்த கதையைப் பெருமையோடு சொல்லியிருக்கிறாள், உங்கள் முழுப்பெயரோடு. சம்பந்தம் பேசியபோது, 'மாப்பிள்ளை ஸ்ரீஸ்கந்தராசா துடியாட்டமானவர், ஒரு இடத்தில் இருக்கமாட்டார்' என்று அவருக்கு எழுதியதும் என் கைதான்.

மாஸ்டர் என்னை ரெலிபோனுக்குக் கூப்பிடச் சொன்னார். கோபப்படவில்லை. அதுதான் பெரிய வெட்கமாக இருந்தது. "பிள்ளை, ஷெல்லுக்கே எழும்பாத மனிசன் தாலி கட்ட எழும்புவாரே?" என்று மட்டும் கேட்டார். ஒருவரும் வரத் தேவையில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

நாற்பத்திரண்டு வயதில் உங்களுக்கு வந்த நல்ல சம்பந்தம் இது. பெண் பத்மாவதியின் படத்தை நீங்கள் ஒரு மாதம் வைத்துப் பார்த்துத்தான் திருப்பி அனுப்பினீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதை மட்டும் நான் யாருக்கும் சொல்லவில்லை. மன்னிக்கும்படி கேட்கவும் துணிவில்லை. கோபம் ஆறிய பிறகு, எப்போது என்றாலும், ஒரு வரி எழுதுங்கள்.

கதிரேசப் பெருமான் உங்களுக்கு நல்ல சுகத்தையும், என்னைவிட அடக்கமான பெறாமக்களையும் தரட்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்திருக்கும்
அருந்ததி

பி.கு. இன்று செவ்வாய். தபாலில் போட மறந்த இந்தக் கடிதம் கைப்பையில் இருக்கும்போதே பத்மாவதி அக்கா கந்தோருக்கு வந்தா. அந்த மோட்டார் சைக்கிளைக் காட்டும்படி கேட்டா. சுற்றிவந்து பார்த்தா, வளையத்தையும் பார்த்தா. பிறகு சொன்னா: "எங்கட வீட்டில துடியாட்டமான ஆம்பிளையள் மூண்டு பேர் இருந்தவை. மூண்டு அண்ணன்மாரும் அப்பாவையும் என்னையும் விட்டிட்டு ஒவ்வொரு நாட்டுக்கு ஓடிட்டினம். ஓடாத ஒருத்தர் இருக்கிறார் எண்டால் நான் ஒருக்காப் பாக்கோணும். அப்பாட்டக் கதைச்சிட்டன்."

ஆகவே மேலே எழுதியது ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம். லீவை விட்டுவிடாதீர்கள். அடுத்த வியாழன் காலை ரயிலில் ஏறுங்கள். ரயில் உங்களுக்காக நிற்காது, சித்தப்பா. அவ நிற்பா போலத்தான் இருக்கு.